எழுவாய் இல்லாத வாக்கியங்கள்

இந்த மாதம் நாவல் எதையும் விமரிசனத்துக்கு எடுத்துக்கொள்ளப் போவதில்லை. மேஜைமேல் நாலைந்து இருக்கின்றன. நல்ல நாவலாக இருந்தால் ஒரு மாதத்தில் பழசாகிவிடாது. மோசமான நாவலாக இருந்தால் தாமதத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அதற்குப் பதிலாக, சில நாட்களாக நான் படித்துக்கொண்டிருக்கும் வேறு ஒரு வகை எழுத்தைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். பூமியைச் சூடேற்றும் வாயுக்களைக் குறைப்பதற்காக நம் மாநில அரசாங்கம் போட்டிருக்கும் திட்டங்கள் அவை.

இதற்கும் இலக்கிய விமரிசனத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். திட்டம் என்பது இன்னும் நடக்காத ஒரு கதை. நாவலாசிரியன் ‘நடந்தது’ என்று பொய் சொல்லுகிறான்; திட்டம் எழுதுகிறவர் ‘நடக்கும்’ என்று சொல்லுகிறார். இரண்டையும் நம்பவைப்பது அநேகமாக ஒரே தொழில்தான். யார் செய்கிறார்கள், எதற்காகச் செய்கிறார்கள், குறுக்கே நிற்பது என்ன, எப்பொழுது நடக்கிறது? இந்தக் கேள்விகளுக்கு விடை இல்லாத நாவலைப் பத்தாவது பக்கத்தில் மூடி வைத்துவிடுகிறோம். ஏழெட்டுக் கோடி ஜனங்களின் நாளைய தினத்தைப் பற்றிய கதையை அப்படி மூடிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் கதைச் சுருக்கம். 2008-ல் மத்திய சர்க்கார் காலநிலை மாற்றத்துக்கான தேசியத் திட்டத்தை வெளியிட்டது. அதில் எட்டு இயக்கங்கள்: சூரிய சக்தி, மின் சிக்கனம், நகர வாழ்வு, தண்ணீர், இமயமலை, காடு, விவசாயம், அறிவுச் சேகரிப்பு. மறு வருஷம், மாநிலங்களும் தத்தமக்கு ஒரு திட்டம் எழுதிக்கொள்ள வேண்டும் என்றார்கள். நம் மாநிலமும் எழுதியது. ஏழு அத்தியாயங்கள். இமயமலை நம்மிடம் இல்லையாதலால் அதை விட்டுவிட்டு, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீண்டிருக்கும் நம் கடற்கரையை வைத்தார்கள். மூலப் பிரதியை நம் ஊருக்குத் தக்கபடி மாற்றத் தெரிந்திருக்கிறது என்பதற்கு இது ஓர் அடையாளம். தழுவல் நாவல் எழுதுகிறவர்கள் இதைக்கூடச் செய்வதில்லை. டெம்ஸ் நதியைத் தூக்கிக் காவேரியில் விடுவார்கள், ஆனால் பனி அப்படியே பெய்துகொண்டிருக்கும்.

அப்புறம் 2021 நவம்பரில் கிளாஸ்கோ மகாநாட்டில், 2070-க்குள் இந்தியா நிகரக் கணக்கில் கரியைப் பூஜ்ஜியமாக்கிவிடும் என்று பிரதம மந்திரி அறிவித்தார். அந்தக் கெடுவுக்கு வெகு முன்னாலேயே தமிழ்நாடு அந்த நிலையை அடையும் என்று நம் முதல் மந்திரி சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை. 2022-ல் பசுமைக் காலநிலை நிறுவனம் என்று ஒன்று அமைந்தது. முதல் மந்திரியின் தலைமையில் ஓர் ஆட்சிமன்றக் குழு அமைந்தது. அதில் மான்டேக் சிங் அலுவாலியா, நந்தன் நிலேகனி, நார்வேயிலிருந்து எரிக் சோல்ஹெய்ம் முதலிய பெரிய மனிதர்கள். அதே வருஷம் செப்டம்பர் 24-ந் தேதி வண்டலூர் மிருகக்காட்சிச் சாலையில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கியது. டிசம்பரில் காலநிலை மாற்ற இயக்கம் வந்தது. ஜில்லாவுக்கு ஒரு கிளை, கலெக்டர் அதற்குத் தலைவர், ஜில்லா வன அதிகாரி காலநிலை அதிகாரி.

அக்கறை இல்லாத அரசாங்கம் இவ்வளவு செய்யாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறை சொல்லத் தொடங்குமுன் இப்படி ஒரு வாக்கியம் போடுவது விமரிசகர்களின் வழக்கம் என்பது வாசகர்களுக்குத் தெரியும். ஆனால் இங்கே அதை வழக்கத்துக்காகப் போடவில்லை. நல்ல எண்ணம் இருக்கிற இடத்தில்தான் எழுத்தின் குறை மனசை உறுத்துகிறது.

இனி நடையைப் பார்க்கலாம். இந்த வகைப் பிரசுரங்கள் எல்லாவற்றிலும், எந்த மாநிலத்து அதிகாரி எழுதினாலும், ஒரே ஒரு வினைமுற்றுத்தான் திரும்பத் திரும்ப வருகிறது. மேம்படுத்தப்படும், வலுப்படுத்தப்படும், ஊக்குவிக்கப்படும், ஒருங்கிணைக்கப்படும், ஆராயப்படும். எத்தனை ‘படும்’! படப்போகிறவர்கள் யார் என்பதுதான் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று மூன்று சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே செயப்படுபொருள் இருக்கிறது, பயனிலை இருக்கிறது, எழுவாய் மட்டும் லீவில் போயிருக்கிறது. செயப்பாட்டு வினை தமிழில் இல்லாததல்ல. ஆனால் பேச்சில் அது எவ்வளவு அபூர்வம் என்று யோசித்துப் பாருங்கள். ‘அடுப்பு என்னால் மூட்டப்பட்டது’ என்று எந்த வீட்டிலும் யாரும் சொல்வதில்லை. ‘நான்தான் மூட்டினேன்’ என்பார்கள். சமையல் கெட்டுப்போனால் ‘அவள்தான் மூட்டினாள்’ என்பார்கள். பொறுப்பு என்பது எழுவாயில் இருக்கிறது. எழுவாயை எடுத்துவிட்டால் பொறுப்பும் போய்விடுகிறது.

சென்னை மாநகராட்சி 2050-க்குள் கரிக் கணக்கைச் சமன் செய்வதாக ஒரு திட்டம் தயாரித்தது. 2022-ல் அதன் வரைவை ஜனங்களின் அபிப்பிராயத்துக்காக வெளியிட்டபோது அது இங்கிலீஷில் இருந்தது. தமிழில் வேண்டும் என்று குரல் எழுந்தபிறகே தமிழ் வந்தது. தமிழ்நாட்டின் தலைநகரத்தைப் பற்றிய ஒரு கதை முதலில் வேறு பாஷையில் எழுதப்பட்டு, பிறகு மொழிபெயர்ப்பாக வீடு திரும்பியது. இதில் பாஷாபிமானத்தைக் காட்டிலும் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. மொழிபெயர்ப்பில் வருகிற வார்த்தைகள் பொருளைச் சொல்லாமல் பொருளின் ஸ்தானத்தை மட்டும் பிடித்துக்கொள்கின்றன.

உதாரணமாக, ‘பசுமை இல்ல வாயு.’ இந்தச் சொல்லை முதன்முதலாகக் கேட்கிற தமிழன் என்ன நினைப்பான்? பசுமை நல்லது, இல்லம் நல்லது, இரண்டும் சேர்ந்த வாயு ஏதோ கற்பூரவல்லி வாசனை மாதிரி உடம்புக்கு நல்லதாகத்தான் இருக்க வேண்டும். பசுமைத் தமிழ்நாடு என்று ஒரு பக்கம் அரசாங்கமே இயக்கம் நடத்துகிறது. பசுமை இல்ல வாயுவை ஒழிக்க வேண்டும் என்று மறுபக்கம் அதே அரசாங்கம் சொல்லுகிறது. பாமரன் எந்தப் பசுமையை வைத்துக்கொண்டு எந்தப் பசுமையை விரட்டுவது? குளிர்ப் பிரதேசங்களில் செடி வளர்ப்பதற்காகக் கண்ணாடியால் வீடு கட்டுவார்கள். வெயில் உள்ளே வரும். உள்ளே வந்த சூடு வெளியே போகாது. இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் நம்மவர் ஊட்டி தாவரத் தோட்டத்துக்குத்தான் போகவேண்டும். அங்கேயும் அதைக் கண்ணாடி மாளிகை என்றுதான் சொல்லுகிறார்கள். நமக்கு அனுபவத்தில் இல்லாத ஓர் உவமையை, அதன் பெயரை மட்டும் எழுத்தெழுத்தாகப் பெயர்த்து வைத்துக்கொண்டு தவிக்கிறோம்.

விஷயம் அப்படி ஒன்றும் சிரமமானதல்ல. 1859-ல் ஜான் டிண்டால் என்பவர் சோதனைச்சாலையில் கண்டுபிடித்தது: காற்றிலிருக்கும் சில வாயுக்கள் வெளிச்சத்தை விட்டுவிடுகின்றன, சூட்டைப் பிடித்துக்கொள்கின்றன. 1896-ல் ஸ்வீடன் தேசத்து அர்ரேனியஸ், கரி எரிப்பது அதிகமானால் பூமி எவ்வளவு சூடாகும் என்று கணக்குப் போட்டே பார்த்துவிட்டார். யந்திரத் தொழில் பெருகுமுன் காற்றில் பத்து லட்சம் பங்குக்குச் சுமார் 280 பங்கு கரியமில வாயு இருந்தது. இப்பொழுது 420-ஐத் தாண்டிவிட்டது. சித்திரை வெயிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, நாளாக ஆக இன்னொரு கம்பளியையும் மேலே இழுத்துக்கொண்டால் எப்படி இருக்குமோ அப்படி. ‘போர்வை வாயு’ என்று யாராவது முதலில் எழுதியிருந்தால் போதும். இரண்டாம் வகுப்புக் குழந்தைக்கும் புரிந்திருக்கும்.

‘உமிழ்வு’ என்ற சொல்லையும் கவனியுங்கள். உமிழ்தல் என்றால் துப்புதல். வாகனம் கரியை உமிழ்கிறது, ஆலை உமிழ்கிறது, மாடுகூட மீத்தேனை உமிழ்கிறது. சொல் பழைய சொல்தான், தப்பில்லை. ஆனால் துப்பினால் துப்பினவன் முகம் தெரிய வேண்டாமா? ‘உமிழ்வு குறைக்கப்படும்’ என்ற வாக்கியத்தில் உமிழ்கிறவனும் இல்லை, குறைக்கிறவனும் இல்லை.

நான் இருக்கிற காட்டாங்குளத்தூருக்கு அடுத்த ரயில்வே ஸ்டேஷனின் பெயர் மறைமலைநகர். தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலை அடிகளின் பெயரால் அமைந்த ஊர். வேதாசலம் என்ற தம் பெயரையே 1916-ல் மாற்றிக்கொண்டவர் அவர். அவர் பெயரைச் சுமந்த ஊரில் மோட்டார்த் தொழிற்சாலைகள் வந்தன, கார்களும் வந்தன, இப்பொழுது ‘கார்பனும்’ வந்திருக்கிறது. கரியமில வாயு என்ற நல்ல பழைய பெயர் இருக்கிறதே என்றால், அதிலுள்ள அமிலத்தையும் வாயுவையும்கூட அடிகள் சகித்திருக்க மாட்டார்; கரிவளி என்று எழுதியிருப்பாரோ என்னவோ. எனக்குத் தனித்தமிழில் அவ்வளவு பிடிவாதம் கிடையாது. ஆனால் அவர் ‘கோகிலாம்பாள் கடிதங்கள்’ என்ற நாவலையும் எழுதியவர் என்பது பலருக்கு மறந்துவிட்டது. கடிதமாக நாவல் எழுதுகிறவனுக்கு ஒரு விஷயம் தெரியும்: யார் யாருக்கு எழுதுகிறார் என்பது முதல் வரியிலேயே தெரிந்தாக வேண்டும். அரசாங்கத்தின் காலநிலைத் திட்டம் யாருக்கு எழுதிய கடிதம்? படிக்கப் படிக்க, அது ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்துக்கு எழுதியதாகத்தான் தோன்றுகிறது.

கணக்கு வார்த்தைகளுக்கு வருவோம். 2022-ல் இந்தியா உலகத்துக்கு ஒரு வாக்குக் கொடுத்தது: 2005-ஐ அடிப்படையாக வைத்து, 2030-க்குள் கரிச் செறிவை 45 சதவிகிதம் குறைப்போம் என்று. பத்திரிகையில் படித்த பலர், கரியே 45 சதவிகிதம் குறையப்போகிறது என்று சந்தோஷப்பட்டார்கள். செறிவு என்பது வேறு. 10,000 ரூபாய் சம்பளத்தில் ஹோட்டலுக்கு 1,000 ரூபாய் செலவழித்த ஒருவர், சம்பளம் 40,000 ஆனபிறகு ஹோட்டலுக்கு 2,200 செலவழித்தால், வருமான விகிதப்படி ஹோட்டல் செலவை 45 சதவிகிதம் குறைத்துவிட்டார் என்று அர்த்தம். அவர் மனைவி இதை ஒப்புக்கொள்வாளா என்பது வேறு விஷயம். வளரவேண்டிய தேசம், வளரவேண்டிய மாநிலம். விகிதத்தில் குறைப்பதே நியாயம் என்று வாதாடலாம். நானும் ஒருவகையில் அதை ஏற்கிறேன். மேல்நாட்டார் இருநூறு வருஷம் எரித்துவிட்டு நம்மைப் பார்த்து அடுப்பை அணை என்றால் எப்படி? ஆனால் விகிதம் என்று சொல்லிவிட்டுச் செய்யட்டும். குறைவு என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு பொருளில் ஆடக்கூடாது. அது சிலேடை, சிலேடைக்கு இடம் கவி சம்மேளனம்.

இந்தக் கதையில் வில்லன் யார் என்று தேடினேன். கிடைக்கவில்லை. மரம் வருகிறது, மஞ்சப் பை வருகிறது, அலையாத்திக் காடு வருகிறது, சூரியன் வருகிறான், காற்று வருகிறது. எல்லாரும் நல்லவர்கள். நிலக்கரி மட்டும் மேடைக்கே வராமல் திரைக்குப் பின்னால் நின்று எல்லாரையும் ஆட்டிவைக்கிறது. 1962-லிருந்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கிறோம். எண்ணூர், மேட்டூர், தூத்துக்குடி, வடசென்னை என்று அனல் மின் நிலையங்கள். பழைய எண்ணூர் நிலையத்தை 2017-ல் மூடினார்கள். ஆனால் காலநிலை இயக்கம் பிறந்து பதினைந்து மாதம் ஆவதற்குள், 2024 மார்ச்சில், வடசென்னையில் 800 மெகாவாட்டுக்குப் புதிதாக ஒரு நிலக்கரி நிலையத்தைத் திறந்துவைத்தார்கள். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. மின்வெட்டை நாம் எல்லோரும் அனுபவித்திருக்கிறோம். மறுபடியும் அந்த நாட்கள் வரட்டும் என்று எந்த வாசகரும் கேட்கமாட்டார். ஆனால் ஒரு நாவலில் பத்தியமிருக்கும் கதாநாயகன் நடுராத்திரியில் எழுந்து இரண்டு லட்டுத் தின்றால், ஆசிரியர் அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஏன் தின்றான், பசியா, பழக்கமா, நாளைக்கு என்ன செய்யப்போகிறான் என்று சொன்னால் அவன்மேல் நமக்கு அனுதாபம்கூட வரும். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுநாள் காலையிலிருந்து கதையைத் தொடர்ந்தால் நம்பிக்கைதான் போகும்.

காற்றாலை அத்தியாயம் வேறு ரகம். திட்டத்தில் ரத்தமும் சதையுமாக இருக்கிற பகுதி அது ஒன்றுதான். காரணம், அது திட்டம் எழுதியவர்களின் கற்பனை அல்ல, முன்பே நடந்தது. 1986-ல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் காற்றாலை நட்டார்கள். அப்பொழுது ‘கிளைமேட்’ என்று யாரும் பேசவில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய், செங்கோட்டைக் கணவாய், பாலக்காட்டுக் கணவாய் மூன்றின் வழியாகவும் தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து வருவதை ஆடி மாதத்தில் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனவர்கள் எல்லோருமே அறிவார்கள். ஜன்னல் ஓரத்தில் உட்கார முடியாது. அந்தக் காற்றை யாரோ சிலர் மின்சாரமாகப் பார்த்தார்கள். முப்பந்தலைச் சுற்றி வானம் முழுவதும் இறக்கைகள் முளைத்தன. மாநிலத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. அந்தச் சிக்கலில்தான் கதை இருக்கிறது. காற்று வைகாசியில் தொடங்கி ஐப்பசிக்கு முன் ஓய்ந்துவிடும். சூரியன் மாலை ஆறரைக்கு வீட்டுக்குப் போய்விடும். நாமோ அப்பொழுதுதான் ஆபீஸிலிருந்து வீடு திரும்பி விளக்கு, மின்விசிறி, ஏர்கண்டிஷன் எல்லாவற்றையும் போடுகிறோம். பகலில் மிஞ்சுவதை ராத்திரிக்கு எடுத்துவைக்க வழி வேண்டும். மின்சாரம் மிஞ்சும்போது கீழ் அணைத் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றுவது, வேண்டும்போது அதை இறக்கி மின்சாரம் எடுப்பது என்று ஒரு முறை இருக்கிறது. நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு அந்த வேலையை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இது போல இன்னும் எத்தனை, எந்த வருஷத்துக்குள், அது முடிகிறபோது எந்த நிலக்கரி நிலையம் அணையும் — இதைச் சொல்லும் அத்தியாயம்தான் கரி குறைப்பின் மூலக்கதை. மற்றவை கிளைக்கதைகள்.

கிளைக்கதைகளில் பெரியது மரம். மாநிலத்தில் காடும் மரமும் சேர்ந்து 23.7 சதவிகிதமாக இருந்ததைப் பத்து வருஷத்தில் 33 சதவிகிதமாக்குவது என்று வண்டலூரில் அறிவித்தார்கள். வண்டலூர் எங்கள் ஊரிலிருந்து நாலாவது ஸ்டேஷன். நட்ட மரம் நிழல் தரும், மண்ணைப் பிடிக்கும், பறவை வரும், அதற்காகவே நடலாம். கரியையும் இழுத்துக்கொள்ளும், சந்தேகமில்லை. ஆனால் மெதுவாக இழுக்கும். வெட்டினால் திருப்பிக் கொடுத்துவிடும். மரம் நடுவது சேமிப்பு. எரிப்பதைக் குறைப்பது செலவைக் குறைப்பது. இரண்டும் ஒன்றல்ல என்று குடும்பம் நடத்துகிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எங்கள் ஊர் இந்தக் கதையில் எங்கே வருகிறது என்று பார்த்தேன். சென்னைத் திட்டம் மாநகராட்சியின் 426 சதுர கிலோமீட்டருக்கு உள்ளே முடிந்துவிடுகிறது. அதற்குத் தெற்கே 2021-ல் பிறந்த தாம்பரம் மாநகராட்சி. அதற்கும் தெற்கே நாங்கள். காட்டாங்குளத்தூர் என்ற பெயரைச் சொல்லும்போதே காடு, குளம், ஊர் மூன்றும் காதில் விழுகின்றன. முதல் இரண்டும் குறைந்துவருகின்றன, மூன்றாவது பெருத்துவருகிறது. ஜி.எஸ்.டி. ரோட்டில் காலையும் மாலையும் நிற்கிற வண்டிகளைப் பார்த்தால் எதுவும் கணக்கில் வராத பிரதேசம் எது என்று தெரியும். கல்லூரிகள், ஆஸ்பத்திரிகள், அடுக்கு வீடுகள், ஒவ்வொரு அடுக்கு வீட்டுக்கும் ஒரு டீசல் ஜெனரேட்டர். நகரம் விலை தாங்காமல் வெளியே தள்ளின மத்தியதரக் குடும்பங்கள் இங்கேதான் வீடு வாங்குகின்றன. சென்னைக்காக ஓடுகிற ஓட்டத்தின் புகை சென்னையின் கணக்கிலும் முழுசாக இல்லை, எங்கள் கணக்கிலும் இல்லை; கணக்கே இல்லாததால்.

எங்கள் தெருவில் மின்வாரியத்திலிருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் இருக்கிறார். இந்தப் பிரசுரங்களை அவரிடம் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்துக்கொண்டு திருப்பிக் கொண்டுவந்தார்.

“எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஸார். மீட்டர் எங்கே?” என்றார்.

“என்ன மீட்டர்?”

“ஒரு வீட்டுக்கு கனெக்ஷன் கொடுக்கிறோமென்றால் முதலில் மீட்டரை மாட்டுவோம். இந்த ஊருக்கு இன்றைக்கு இவ்வளவு, அடுத்த வருஷம் இவ்வளவு என்று அளக்க ஒன்று வேண்டாமா? அளக்காமல் குறைப்பது எப்படி, ஸார்?”

இலக்கிய விமரிசகன் பத்துப் பக்கத்தில் சொல்வதை இப்படி ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அளந்தால் எதிர்பாராத கதாபாத்திரங்கள் வெளிப்படுவார்கள். செங்கல்பட்டு ஏரிகள் நிறைந்த ஜில்லா. ஏரிப் பாசனத்தில் நெல். தண்ணீர் தேங்கிய வயலிலிருந்து மீத்தேன் வருகிறது. நூறு வருஷக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல் சுமார் 28 மடங்கு சூடேற்றக்கூடியது. அதே மீத்தேன் குப்பைமேட்டிலிருந்தும் வருகிறது. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பை மேடு பற்றி எரிந்தபோது தென்சென்னை முழுவதும் அதன் புகையைக் குடித்தது. வயலில் வருவது ஒருவனின் சோற்றுக்காக வருகிறது. குப்பையில் வருவது நம் சோம்பலால் வருகிறது. இரண்டையும் ஒரே பத்தியில், ஒரே ‘படும்’ போட்டு எழுதுவது எழுத்துக்கு அழகல்ல, நியாயமும் அல்ல.

வேறு இரண்டு பாத்திரங்கள் தாங்கள் இந்தக் கதையில் இருப்பது தெரியாமலே வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். ஒன்று, 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடத் தொடங்கிய மின்சார ரயில்; இன்று செங்கல்பட்டு வரை எங்களையெல்லாம் கூட்டமாக அள்ளிக்கொண்டு போகிறது. அது குடிக்கும் மின்சாரத்திலும் கரி உண்டுதான், ஆனால் அத்தனை பேரும் மோட்டார் சைக்கிளில் போனால் ஆகிற புகையை நினைத்துப் பாருங்கள். இன்னொன்று, 2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்ற ஏற்பாடு. அதைச் சமூக நலம் என்று ஒரு கணக்கில் எழுதினார்கள். எழுதட்டும். ஆனால் ஜனங்களைப் பஸ்ஸில் ஏற்றி உட்காரவைக்கிற காரியம் காலநிலைக் காரியமும்தான் என்று திட்டம் எழுதுகிறவருக்குத் தோன்றியிருந்தால், அவர் எழுத்தில் திடீரென்று மனிதர்கள் நுழைந்திருப்பார்கள்: கூடை வைத்திருக்கும் அம்மாள், ஏற்றுமதி ஆலைக்குப் போகும் பெண், கண்டக்டர்.

சர்க்கார் அறிக்கை நாவலைப்போல இருக்க முடியுமா, அது சட்டத்துக்கும் தணிக்கைக்கும் பதில் சொல்ல வேண்டிய காகிதம் அல்லவா என்று அதிகாரியாக இருக்கும் நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. நாவலைப்போல இருக்க வேண்டாம். கிராமத்துக் கணக்குப் புத்தகத்தைப்போல இருந்தால் போதும். அதில் எழுவாய் இல்லாமல் ஒரு வரி கிடையாது. இன்னார், இன்ன தேதி, இவ்வளவு.

அப்படிப்பட்ட வாக்கியங்களைத் தமிழ்நாட்டிலேயே ஒரு பஞ்சாயத்து எழுதியிருக்கிறது, காகிதத்தில் அல்ல. கோயமுத்தூர் ஜில்லாவில் மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் ஓடந்துறை. 2006-ல் அந்தப் பஞ்சாயத்து 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கியது. விலை 1.55 கோடி ரூபாய். பெரும்பகுதி பாங்கிக் கடன். அப்பொழுது தலைவராக இருந்தவர் ஆர். சண்முகம். தன் ஊரில் காற்றுப் போதாது என்று நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உடுமலைப் பக்கம் கொண்டுபோய் நட்டார்கள். தெருவிளக்குக்கும் குடிநீர் பம்புக்கும் ஆகிற மின்சாரம் போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றுக் கடனை அடைத்தார்கள். யார், எப்பொழுது, எவ்வளவு, என்ன தடை, தடையை எப்படித் தாண்டினார்கள் எல்லாம் இதில் இருக்கிறது. பஞ்சாயத்தின் மின்கட்டணம் ஏறிக்கொண்டே போனது. அதைச் சமாளிக்கத்தான் இறங்கினார்கள். பூமியைக் காப்பாற்றுவதற்கென்று அல்ல. எதற்காக என்ற கேள்விக்கு இதைவிட நம்பும்படியான விடை எந்த அறிக்கையிலும் நான் படிக்கவில்லை.

மலையின் அந்தப் பக்கம், வயநாட்டில் மீனங்காடி என்ற பஞ்சாயத்து 2016-ல் கரிக் கணக்கைச் சமன் செய்யக் கிளம்பியது. முதல் வேலையாக ஊர் எவ்வளவு புகைக்கிறது என்று கணக்கெடுத்தார்கள். என் நண்பர் கேட்ட மீட்டர். அப்புறம் மரத்தை அடமானமாக வைத்துக் கடன் கொடுக்கத் தொடங்கினார்கள். விவசாயி தன் நிலத்தில் நட்ட மரத்தைப் பதிவு செய்துகொண்டால், மரம் ஒன்றுக்கு வருஷத்துக்கு 50 ரூபாய், வட்டி இல்லாமல். மரம் நிற்கிறவரை கடனைத் திருப்பித் தர வேண்டாம். வெட்டினால், அன்றைக்குத் தந்தாக வேண்டும்.